1976 செவர்லே சி10: லைட், வைப்பர் சுவிட்ச் டேஷ்போர்டிலேயே இருக்கட்டுமா, ஸ்டியரிங்குக்குக் கொண்டுவரலாமா?

ஜெர்சி_சி10:
நண்பர்களே, 1976 சி10 பிக்கப்பின் டேஷ்போர்டை முழுக்கக் கழற்றிப் போட்டிருக்கிறேன். வயரிங் புதிதாகத்தான் இழுக்கப் போகிறேன். கம்பெனியில் வந்தபடி ஹெட்லைட் குமிழும் வைப்பர் சுவிட்சும் மீட்டருக்கு இடப்பக்கம், டிம்மர் (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்ச்) தரையில் இடது காலடியில். அப்படியே விடுவதா, எல்லாவற்றையும் ஸ்டியரிங்கை ஒட்டிய காம்பினேஷன் சுவிட்சுக்கு (பல வேலைகளை ஒரே தண்டில் சேர்த்த சுவிட்ச்) மாற்றுவதா? கண்காட்சிக்கு வைக்கிற வண்டி இல்லை, நியூஜெர்சியில் தினமும் ஓட்டப் போகிறேன். மேனுவல் கியர்.

பழைய_இரும்பு:
தொடாதீர்கள். அந்த ஹெட்லைட் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கலாம். ஒரு இழுப்பு இழுத்தால் பார்க்கிங் லைட், இன்னொரு இழுப்பில் ஹெட்லைட். அதையே திருகினால் மீட்டர் வெளிச்சம் கூடும், குறையும். கடைசிவரை திருகினால் கேபின் விளக்கு. மின்சாரத்தைத் துண்டித்துத் தானாகவே மீண்டும் இணைக்கிற சர்க்யூட் பிரேக்கர் சுவிட்சுக்கு உள்ளேயே இருக்கிறது. ஓவர்லோடு ஆனால் லைட் விட்டுவிட்டு எரியும், ஃபியூஸ் போனது மாதிரி ஒரேயடியாக இருட்டாகாது. நடு ராத்திரி வளைவில் அது உயிரைக் காப்பாற்றுகிற விஷயம்.

பழுதானாலும் வேலை சுலபம். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, சுவிட்ச் உடம்பில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் குமிழ் தண்டோடு வெளியே வந்துவிடும். காம்பினேஷன் சுவிட்ச் கெட்டால் ஸ்டியரிங் வீலை இழுத்துக் கழற்றப் புல்லர் போட வேண்டும், அதற்கு அடியில் இருக்கும் லாக் பிளேட்டை அழுத்திப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

மழைச்சாலை:
பழைய_இரும்பு அண்ணே, நீங்கள் ரிப்பேர் செய்கிறவருக்காகப் பேசுகிறீர்கள், ஓட்டுகிறவருக்காகப் பேசவில்லை. சுவிட்ச் மாற்றுவது எப்போதோ ஒரு நாள். டிம் அடிப்பது ஒவ்வொரு இரவும்.

மேனுவல் கியர் வண்டியில் இடது கால் கிளட்சில் இருக்கும். இரண்டு வழிச் சாலையில் மேட்டில் ஏறி கியரை இறக்குகிற அதே நேரத்தில் எதிரே வண்டி வந்தால் எந்தக் காலால் டிம் அடிப்பது? அது போக, தரை டிம்மர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பனிக்காலத்தில் சாலையில் பனியை உருக்கத் தூவுகிற உப்பு, பூட்ஸோடு தண்ணீராக வந்து நேராக அங்கேதான் வடியும், சுவிட்சை அரிக்கும். அரிசோனா பாலைவனம் மாதிரி வறண்ட ஊரில் இருப்பவர் வைத்துக்கொள்ளட்டும், ஜெர்சியில் வேண்டாம்.

பழைய_இரும்பு:
டிம்மரை விட்டுக்கொடுக்கிறேன். வைப்பரை ஏன் நகர்த்த வேண்டும்? லைட்டை இழுக்க வேண்டும், வைப்பர் வேறு மாதிரி இயங்கும். கைக்கே வித்தியாசம் தெரிகிறது. ஒரே தண்டில் இண்டிகேட்டர், டிம், வைப்பர், வாஷர் என்று நாலு வேலையைத் திணித்தால் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைத் தட்டிவிடுவோம். அந்த ஒரு சுவிட்சைக் கழற்ற வேண்டி வந்தால் நாலும் சேர்ந்து படுத்துவிடும்.

ஒயர்மேன்:
இடம் எதுவானாலும், கத்தரியை எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கால ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) வைப்பர் மோட்டாருக்கு 12 வோல்ட் நேராகப் போய்விடும். சுவிட்ச் செய்வது கிரவுண்ட் (வண்டி உடம்பு வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ்) கொடுக்கிற வேலை மட்டும்தான். கடையில் கிடைக்கிற பொதுவான காம்பினேஷன் சுவிட்ச் பாசிட்டிவைத்தான் அனுப்பும் என்றால் அது இந்த மோட்டாரோடு ஒத்துப்போகாது. நடுவில் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்குகிற சுவிட்ச்) போட வேண்டும், இல்லை மோட்டாரையே மாற்ற வேண்டும். டேஷ்போர்டிலேயே வைத்தாலும் பெயிண்ட் அடித்த இடத்தில் சுவிட்ச் உட்கார்ந்தால் கிரவுண்ட் கிடைக்காது, சுரண்டிவிடுங்கள்.

ஹெட்லைட்டுக்கும் ரிலே கட்டாயம். எச்6024 சீல்டு பீம் (பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக இருக்கும் ஹெட்லைட்) ஹை பீமில் 65 வாட். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 11 ஆம்பியர். பழைய வயரிங்கில் அத்தனையும் குமிழ் வழியாகவும் டிம்மர் வழியாகவும் போய்த்தான் லைட்டுக்கு வருகிறது. சுவிட்ச் சூடாவதும் லைட் மங்குவதும் அதனால்தான். ரிலே போட்டால் சுவிட்ச் எங்கே இருந்தாலும் அதன்மேல் சுமை இல்லை. ஆனால் பேட்டரியிலிருந்து ரிலேக்கு வரும் ஒயருக்கு தானாக மீண்டும் இணைகிற பிரேக்கரைப் போடுங்கள், சாதாரண ஃபியூஸ் வேண்டாம். பழைய_இரும்பு சொன்ன பாதுகாப்பு அப்போதுதான் மிஞ்சும்.

மழைச்சாலை:
ஒயர்மேன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வைப்பர் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். பக்கத்து லேனில் போகிற டிரக் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் அடிக்கும்போது ஸ்டியரிங்கை விட்டு ஒரு கை டேஷ்போர்டைத் தேடக் கூடாது. இன்னொன்று, நியூஜெர்சியில் வைப்பர் ஓடினால் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். சேர்ந்து இயங்க வேண்டிய இரண்டையும் பிரித்து வைப்பானேன்?

பழைய_இரும்பு:
அந்தச் சட்டம் என் பக்கம்தான் பேசுகிறது, தம்பி. இரண்டும் இப்போது டேஷ்போர்டில் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன! வைப்பருக்குப் போன கை அப்படியே லைட்டையும் இழுத்துவிடும். வைப்பரை மட்டும் தண்டுக்குக் கொண்டுபோனால்தான் லைட் மறந்துபோகும்.

ஜெர்சி_சி10:
டிம்மரை மட்டும் ஸ்டியரிங்குக்கு மாற்றுகிறேன், ஹெட்லைட் குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ரிலேயும் பிரேக்கரும் நிச்சயம். வைப்பரை இப்போதைக்கு நகர்த்தவில்லை, மழைச்சாலை மன்னிக்கவும். பிற்பாடு மனம் மாறினால் என்று டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் வரை வைப்பருக்கு உபரி ஒயர்களை இழுத்து, முனையைச் சுற்றி வைத்துவிடுகிறேன். ஒயர்மேன், வாஷருக்கும் சேர்த்து எத்தனை ஒயர் விடட்டும்?