மறு: கிரையோனிக்ஸ் – ‘உறைபதனம்’ சரியா?

நா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ‘க’ வரிசை முடியப்போகிறது. ‘கிரையோனிக்ஸ்’ மட்டும் முள்ளாக நிற்கிறது. இறந்தவர் உடலை, என்றாவது ஒருநாள் மருத்துவம் எழுப்பிவிடும் என்ற எதிர்பார்ப்பில், −196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் முறை. 1967 ஜனவரி 12 அன்று கலிபோர்னியாவில் இறந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல்தான் முதலாவது. அது இன்றும் அரிசோனாவில் ஆல்கோர் நிறுவனத்தில் இருக்கிறது. ‘உறைபதனம்’ என்று குறித்துள்ளேன். உடன் வரும் விட்ரிஃபிகேஷனுக்கு (பனிக்கட்டி கட்டாமல் கண்ணாடி போல இறுகவைப்பது) ‘பளிங்காக்கம்’. மறுப்பு உண்டா?

செ. எழுதியது:

> ‘உறைபதனம்’ என்று குறித்துள்ளேன்

ஐயா, இரண்டுக்குமே மறுப்பு. ஒரு சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மருத்துவர் இறப்பை அறிவித்ததும் உடலைப் பனிக்கட்டி நீரில் கிடத்துகிறார்கள். மார்பை அழுத்தி இரத்தத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு ஹெப்பாரின் ஏற்றுகிறார்கள். எதற்கு? இரத்தம் உறையாமலிருக்க. உறைந்தால் நுண்குழாய்கள் அடைபடும். பின்னால் ஏற்றும் காப்புக் கரைசல் மூளையின் அந்தப் பகுதியை எட்டாது. எட்டாத இடத்தில் பனிக்கட்டி கட்டும். இப்போது எழுதுங்கள்: ‘இரத்தம் உறையாமல் மருந்து கொடுத்து, உடல் உறையாமல் கரைசல் ஏற்றி, உறைபதனம் செய்தார்கள்.’ படிப்பவர் தலையில் அடித்துக்கொள்வார்.

உறையவே கூடாது என்பதுதானே இந்த முறையின் உயிர்நாடி. திசுவைச் சும்மா குளிர்வித்தால் முதலில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் கட்டியாகும். உப்பு கட்டிக்குள் போகாது. மிச்சமிருக்கும் நீரில் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கடும் உப்புநீர் செல்லுக்குள்ளிருக்கும் நீரை உறிஞ்சிவிட, செல் வற்றலாகிறது. வளரும் கட்டி நுண்குழாய்களைக் கிழிக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் எம்22 போன்ற காப்புக் கரைசலைப் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் மணிக்கணக்காக, செறிவைப் படிப்படியாகக் கூட்டி ஏற்றுகிறார்கள். அந்தக் கரைசல் −123 டிகிரிவாக்கில் படிகம் கட்டாமலே இறுகிவிடும். மூலக்கூறுகள் வரிசை கட்டுவதில்லை, நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

இது ஏதோ அமெரிக்க விநோதம் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் கருத்தரிப்பு மைய ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பதுதான். பனிக்கட்டி கட்டாமல் காக்கும் வேதிப்பொருள்களான எத்திலீன் கிளைக்கால் 7.5 விழுக்காடு, டி.எம்.எஸ்.ஓ. 7.5 விழுக்காடு உள்ள கரைசலில் முளைக்கரு முதலில் சுருங்கும், பிறகு மெல்லப் பழைய உருவத்துக்கு வரும். வந்ததும் இரண்டும் 15 விழுக்காடாகவும் கூடவே 0.5 மோலார் சுக்ரோசும் உள்ள கரைசலுக்கு மாற்ற வேண்டும். அங்கே ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் கரைசலின் நஞ்சே கருவைக் கெடுத்துவிடலாம். ஒரு மெல்லிய பட்டையின் நுனியில் 0.1 மைக்ரோலிட்டருக்குள் துளி வைத்து, நேராக நைட்ரஜனுக்குள். துளி பெருத்தால் குளிர்ச்சி மந்தமாகி நடுவில் வெள்ளை விழும். கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் சரி, பால் போல வெளுத்தால் போச்சு. ‘ஃப்ரீஸ் பண்ணினோம்’ என்று ஆய்வகத்தில் வாய்ப்பழக்கமாகச் சொல்வார்கள். கலைச்சொல் அந்தப் பிழையைப் பின்தொடர வேண்டியதில்லை.

கு. எழுதியது:

செ. அம்மா சொல்வது சரி. ஆனால் அந்த வேகத்தில் ‘உறைவிந்து’ மேல் கை வைத்துவிடாதீர்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடச் சேமிக்கும் விந்துக்குக் கால்நடை மருந்தகங்களில் வேரூன்றிய சொல் அது, பொருளும் பொருந்துகிறது. 0.25 மில்லி குழல் குச்சியில் கிளிசரால் சேர்த்த விந்து உண்மையாகவே உறைகிறது, பனிக்கட்டி கட்டத்தான் செய்கிறது. 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து இளக்குகிறோம். 1949-இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசராலின் காப்புத் தன்மையைக் கண்டறிந்ததிலிருந்து வரும் வழி இது. பனிக்கட்டி கட்டும் முறைக்கு ‘உறை’, கட்டாத முறைக்கு வேறு சொல். இப்படி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

வே. எழுதியது:

பளிங்காக்கம் என்று போட்டால் இலங்கையில் நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். எங்கட பாடநூல்களில் பளிங்கு என்றால் படிகம். உப்புக் கரைசலை ஆவியாக்கிப் பெறுவது பளிங்கு. படிகமே வரக்கூடாத முறைக்குப் பளிங்காக்கம் என்று பெயர் வைத்தால் மாணவன் எதை எழுதுவான்? தமிழகத்தில் பளிங்கு என்றால் தரைக்குப் போடும் கல்லாம். இரண்டு கரைக்கும் பொதுவாகக் ‘கண்ணாடியாக்கம்’ இருக்கட்டும்.

த. எழுதியது:

கண்ணாடியாக்கத்துக்கு என் வாக்கும். அதன் எதிரிக்கும் ஒரு சொல் வேண்டும். குளிர்விப்பதைவிடச் சூடேற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. கண்ணாடியாக இறுகியது −123-ஐத் தாண்டி இளகத் தொடங்கியதும் மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைக்கிறது. ஏற்கெனவே உண்டாகியிருந்த கண்ணுக்குத் தெரியாத படிக விதைகள் மளமளவென வளர்ந்துவிடுகின்றன. அதனால்தான் முளைக்கருவை 37 டிகிரியில் இருக்கும் 1 மோலார் சுக்ரோஸ் கரைசலுக்குள் சட்டென்று போடுகிறார்கள். துளிக்கு அது எளிது. முழுச் சிறுநீரகத்தின் வெளிப்புறம் இளகும் வேகத்தில் உட்புறம் இளகாது. 2023-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் எலியின் சிறுநீரகத்துக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ஏற்றி, மாறு காந்தப்புலத்தில் வைத்து உள்ளிருந்தே சூடாக்கியதும் இதற்காகத்தான். 100 நாள் வரை சேமித்த சிறுநீரகங்கள் வேறு எலிகளில் வேலை செய்தன.

பட்டியலில் இதற்கு ‘மறுபடிகமாதல்’ என்று ஏதோ வருகிறது. நம் அடுப்படியில் ஏற்கெனவே சொல் இருக்கிறதே! ஜாங்கிரிப் பாகு வெள்ளையாகக் கட்டிக்கொண்டால் ‘பூத்துப்போச்சு’ என்கிறோம். பூக்காமலிருக்க எலுமிச்சம்பழம் பிழிகிறோம். புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசும் ஃபிரக்டோசுமாக உடைக்கிறது, கலப்படமான கூட்டத்தில் சுக்ரோஸ் வரிசை கட்ட முடிவதில்லை. காப்புக் கரைசலில் ஐந்தாறு பொருள்களைக் கலப்பதிலும் இந்தச் சூட்சுமம் கொஞ்சம் உண்டு. ‘பூத்தல்’ என்றே வைக்கலாம். ‘மெதுவாக இளக்கினால் திசு பூத்துவிடும்’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

நா. எழுதியது:

பூத்தல் ஏற்கப்பட்டது, இதைவிட நல்ல சொல் கிடைக்காது. சரி, மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது. தனிமடலில் ‘சாகாக்கலை’, ‘காயகற்பக் காப்பு’, ‘மீளுயிர்ப்புப் பதனம்’ மூன்றும் வந்தன.

செ. எழுதியது:

மூன்றும் வேண்டாம். சாகாக்கலையும் காயகற்பமும் உயிரோடிருப்பவர் சாகாமலிருக்கச் செய்வது. இது செத்த பிறகு தொடங்குவது. சட்டப்படி இறப்பு அறிவிக்கப்படாமல் கை வைக்க முடியாது. ‘மீளுயிர்ப்பு’ நடக்காததை நடந்ததாகச் சொல்கிறது. 2009-இல் வெளியான ஆய்வில் ஒரு முயலின் சிறுநீரகம் கண்ணாடியாகி மீண்டது. அது ஒன்றை மட்டும் நம்பி அந்த முயல் 48 நாள் இருந்தது. உறுப்புகளில் இந்த அளவுக்கு வந்திருக்கிறோம். முழுப் பாலூட்டி ஒன்றுகூட இப்படி எழுந்ததில்லை. பெட்ஃபோர்டு காலத்தில் கண்ணாடியாக்கமே கிடையாது, டி.எம்.எஸ்.ஓ.-வை ஊசியில் ஏற்றியதோடு சரி. பெரிய உடலில் வேறொரு சிக்கலும் உண்டு. −123-க்குக் கீழே வெளியும் உள்ளும் வெவ்வேறு வேகத்தில் சுருங்குவதால் கண்ணாடி விரிசல் விடும், மூளை உட்பட. சொல்லில் வாக்குறுதி இருக்கவே கூடாது.

என் பரிந்துரை: ‘குளிர்க்கிடப்பு’. கிடத்தியிருக்கிறார்கள், முடிவு தெரியவில்லை. அவ்வளவுதான் இன்றைய நிலை.

கு. எழுதியது:

கிடப்பு என்றதும் தாலுகா ஆபீஸ் மனு நினைவுக்கு வருகிறது. கிடப்பில் போட்ட கோப்பு என்றைக்கு எழுந்தது? கிண்டல் போலத் தொனிக்காதா?

த. எழுதியது:

தொனிக்கட்டுமே. கோப்பு மூடப்படவும் இல்லை, தீர்க்கப்படவும் இல்லை, பொருத்தம்தானே. ‘நோயாளி’ என்பதா ‘சடலம்’ என்பதா என்ற வழக்குக்குள்ளும் நாம் போக வேண்டாம். நிறுவனங்கள் நோயாளி என்கின்றன. அமெரிக்கச் சட்டம் தானமாகக் கொடுத்த உடலாகக் கொள்கிறது. ‘கிடப்புடல்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ‘குளிர்க்கிடப்பில் வைத்தார்கள்’ என்று வினையும் இயல்பாக வருகிறது.

கலனுக்குத் ‘தாழி’ என்று முன்பொரு இழையில் யாரோ கேட்டிருந்தார்கள். ஆதிச்சநல்லூரை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதுமக்கள் தாழி புதைப்பதற்கு. இது வெற்றிடச் சுவருள்ள எஃகுக் கலன். மின்சாரம் வேண்டாம், ஆவியாகும் நைட்ரஜனை நிரப்பிக்கொண்டே இருந்தால் போதும். நாலு உடல்களைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள், நைட்ரஜன் குறைந்தால் தலை கடைசியாக இளக வேண்டும் என்பதற்காக. கேனை யாரும் தாழி என்று கூப்பிடப் போவதில்லை. ‘நைட்ரஜன் கலன்’ போதும்.

நா. எழுதியது:

குறித்துக்கொண்டேன். கிரையோனிக்ஸ்: குளிர்க்கிடப்பு. கிரையோபிரிசர்வேஷன் (விந்து, முளைக்கரு, உறுப்பு போன்றவற்றைக் கடுங்குளிரில் சேமிப்பது): கடுங்குளிர்ப் பதனம் (வெறும் ‘குளிர்பதனம்’ ஏ.சி.க்கும் உருளைக்கிழங்குக் கிடங்குக்கும் போய்விட்டது). விட்ரிஃபிகேஷன்: கண்ணாடியாக்கம். டீவிட்ரிஃபிகேஷன்: பூத்தல். உறைவிந்து உள்ளபடியே. வே. ஐயா, ‘பூத்தல்’ யாழ்ப்பாணத்து அடுப்படியிலும் இதே பொருளில் வழங்குகிறதா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். அடுத்தது செல் ‘செனசென்ஸ்’. ‘மூப்பு’ என்றும் ‘முதுமை’ என்றும் இரண்டு கிடக்கின்றன. தனி இழை திறக்கிறேன்.