ஐந்து மாத லாப்ரடார்: வயிறு நிறையப் போடுவதா, அளந்து போடுவதா?

பாளைக்காரன்

பாளையங்கோட்டையில் தனி வீடு. கறுப்பு லாப்ரடார் ஆண்குட்டி, வயது ஐந்து மாதம், எடை 18 கிலோ, பெயர் கருப்பன். தட்டை வைத்த அரை நிமிடத்தில் நக்கித் துடைத்துவிட்டு, காலித் தட்டை மூக்காலேயே தள்ளிக்கொண்டு முற்றத்தின் மறுகோடிவரை போய்விடுகிறான். வாசற்கதவு திறந்தால், வருகிறவர் யாராக இருந்தாலும் முன்னங்கால் இரண்டையும் அவர் மார்பில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. எழுபதைக் கடந்த என் தாயாரை அவன் இன்னும் கீழே தள்ளவில்லை என்றால், அது தூணைப் பிடித்துக்கொள்ளும் அவருடைய சாமர்த்தியமே தவிர இவனுடைய அடக்கம் அன்று.

குட்டியைத் தந்தவர், காலையும் இரவும் பால்சோறு, மதியம் கோழி, தினமும் இருவேளை கால்சியம் சிரப் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சென்ற மாதம் பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் உணவுக்கு மாற்றிவிட்டேன். சிரப் மட்டும் தொடர்கிறது. தடுப்பூசி போடும் மருத்துவர் சிரப்பை நிறுத்துங்கள், தீனியை அளந்து போடுங்கள் என்கிறார். வருகிற உறவினர்களோ, விலா தெரிகிறது, வாயில்லா ஜீவனுக்கு வயிறு நிறையப் போடக் கூடாதா என்று கேட்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? குதிப்பதை எப்படி நிறுத்துவது?

சஞ்சீவிமலை

தம்பி, வளரும் குட்டிக்கு அளவு பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ராஜபாளையத்தில் தலைமுறையாக நாய் வளர்க்கும் வீட்டைச் சேர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆட்டுக்குடலும் கறிக்கடை எலும்பும் சேர்த்து, குட்டி தட்டைவிட்டுத் தானாக விலகும்வரை போடுவோம். காலை வெயிலில் கொஞ்ச நேரம் கட்டிவைப்போம். தோள் உயரம் இரண்டடிக்கு மேல் நிற்கும் நாய்கள் இப்படித்தான் உருவாயின. எலும்பு வளரும் வயதில் கால்சியத்தை நிறுத்தச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

குதிப்பதற்கு மருந்து ஒன்றுதான். அவன் எழும்பும்போது முழங்காலை மடக்கி அவன் மார்பில் இடிக்கும்படி நீட்டுங்கள். அதட்டலாக ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் சுருட்டிய செய்தித்தாள் இருக்கிறது. வீட்டில் தலைவர் யார் என்பது ஆறு மாதத்துக்குள் நாய்க்குத் தெரிந்துவிட வேண்டும். பிஸ்கட்டைக் காட்டிப் பழக்கிய நாய் பிஸ்கட்டுக்குத்தான் விசுவாசமாக இருக்கும்.

வேப்பேரி

கால்நடை மருத்துவம் படித்தவள் என்பதால் கால்சியத்திலிருந்தே தொடங்குகிறேன். வளர்ந்த நாயின் குடல், உணவில் கால்சியம் மிகுந்தால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக அமைந்திருக்காது. போட்டதில் பெரும்பங்கை உடம்பு இழுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மிகுதியான கால்சியம் பெற்ற குட்டிகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறும் இடங்களிலேயே கோளாறு உண்டாயிற்று, முன்னங்கால்கள் வளைந்தன. பெரிய இனக் குட்டிகளுக்கென்று முறையாகத் தயாரித்த உலர் உணவில் 1000 கலோரிக்கு ஏறத்தாழ 3 முதல் 4.5 கிராம் வரை கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் சிரப்பும் ஊற்றினால் குட்டிக்கு நன்மை எதுவும் இல்லை, கெடுதல் உண்டு. உங்கள் மருத்துவர் சொன்னது சரி.

சஞ்சீவிமலை அண்ணாச்சியின் கூழுக்கு வருகிறேன். தானியங்களில் கேழ்வரகில்தான் கால்சியம் அதிகம் என்பது உண்மை. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. கருப்பனுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது மூன்றரை கிராமுக்குக் குறையாது. கூழை மட்டும் நம்பினால் நாளொன்றுக்கு ஒரு கிலோ கேழ்வரகு மாவு வேண்டும். அதில் அவனுக்குத் தேவையானதைப் போல இரண்டரை மடங்குக் கலோரி வந்துவிடும். காலை வெயிலும் நாய்க்குப் பயன்படாது. நம்மைப் போல நாயின் தோலால் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி தயாரிக்க முடியாது. முட்டை மஞ்சள்கரு, ஈரல், மீன் என உணவின் வழியாகத்தான் அது வர வேண்டும்.

இனி அளவு. இந்த வயதில் 18 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 1200 கலோரி என்று தொடங்கலாம். பெரும்பாலான உலர் உணவுகளில் அது 320, 330 கிராம். ஆறு மாதம்வரை மூன்று வேளையாகவும் பிறகு இரண்டு வேளையாகவும் பிரித்துப் போடுங்கள். தராசில் நிறுப்பது நல்லது, ஏனென்றால் குவளைக் கணக்கு போடுகிறவர் கையைப் பொறுத்து மாறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். உறவினர் கண்ணுக்கு வாட்டமாகத் தெரியும் குட்டிதான் பெரும்பாலும் சரியான குட்டி.

இதற்குச் சான்று வேண்டுமென்றால், அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை வைத்து அவற்றின் ஆயுள் முழுக்க நடத்தி, 2002இல் முடிவை வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். உடன்பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் போட்டதில் கால்பங்கு குறைத்து மற்றதற்குப் போட்டார்கள். நிறையத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. இடுப்பு மூட்டுக் கோளாறும் பின்னவற்றில் குறைவாக, தாமதமாக வந்தது.

சஞ்சீவிமலை

நாய்த்தீனி விற்கும் கம்பெனியே நடத்திய ஆய்வை ஆதாரமாகக் காட்டுகிறீர்களே அம்மா.

வேப்பேரி

குறைவாகப் போட்டால் நாய் நீண்ட நாள் வாழும் என்பது தீனி விற்பவருக்கு இலாபம் தரும் முடிவு அன்றே, அண்ணாச்சி.

சஞ்சீவிமலை

அதை விடுங்கள், வேறொன்று சொல்கிறேன். ராஜபாளையம் நாய் ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய். அது பசிக்குத் தின்னும், போதும் என்றால் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் அளவில்லாமல் போட்டும் வயிறு ஒட்டியே நிற்கிறது. லாப்ரடாருக்கு அந்த நிறுத்தம் கிடையாது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தி முடிந்த இடத்தில் விட்டால் வயிறு வெடிக்கும்வரை தின்னும். ஆகவே இந்தக் குட்டிக்கு அளந்து போடுங்கள் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எல்லா நாய்க்கும் ஒரே தராசு என்று பேசுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூழும் நாங்கள் தனியாகப் போட்டதில்லை. எலும்பு கூடவே போயிற்று, கால்சியம் அதில்தான் இருந்தது.

வேப்பேரி

இதில் எனக்கு மறுப்பு இல்லை. லாப்ரடாரின் பசிக்கு மரபணுக் காரணமே இருக்கிறது. பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் வழியில் பங்குள்ள ஒரு மரபணுவின் சிறு பகுதி, லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அறுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு போகும் கருப்பனும் அந்த வகையாக இருக்கலாம். தின்று முடித்த பிறகும் கேட்கிறான் என்பதற்காகப் பசியோடு இருக்கிறான் என்று பொருள்கொள்ள வேண்டாம். எலும்பைப் பொறுத்தவரை, வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நொய்யல்

கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் இரண்டு பெரிய நாய்கள் வளர்க்கிறேன். வேப்பேரி எழுதுவதைப் படித்தால் மூட்டை உணவு மட்டுமே வழி என்பதுபோல இருக்கிறது. நல்ல உலர் உணவு மாதத்துக்கு ஆகும் செலவில் ஒரு குடும்பத்துக்கு மளிகை வாங்கலாம். எங்கள் வீட்டில் சோறு, எலும்பில்லாக் கோழி, பூசணி, வாரம் இருமுறை ஈரல் ஆகியவற்றை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்துப் போடுகிறோம். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

வேப்பேரி

வளர்ந்த நாய்களாக இருந்தால் அதிகம் கவலைப்பட மாட்டேன். குட்டி என்றால் உங்கள் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எலும்பில்லாக் கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கும் மேல். சோற்றிலும் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து அரித்து எடுக்கும். சோபாவிலிருந்து குதித்தே கால் முறிந்த குட்டிகள் இப்படித்தான் மருத்துவமனைக்கு வருகின்றன. ஆகவே வீட்டுச் சமையல் போடுகிறவர்களுக்குக் கால்சியம் சேர்ப்பது கட்டாயம். முட்டையோட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்தால் ஒரு சிறுகரண்டியில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். எத்தனை கரண்டி என்பதை முழுப் பட்டியலையும் காட்டி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பாளைக்காரன் கவனிக்க வேண்டியது இதுதான்: பால்சோறும் கோழியும் போட்டுக்கொண்டிருந்தபோது கால்சியம் வேண்டும் என்று குட்டியைத் தந்தவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தீனி மாறியபோது சிரப்பும் நின்றிருக்க வேண்டும்.

பாளைக்காரன்

சிரப்பை இன்றோடு நிறுத்துகிறேன். குதிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தாயார் நேற்றும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சஞ்சீவிமலை

நான் சொல்லிவிட்டேன். முழங்கால்.

நொய்யல்

இதில் நான் அண்ணாச்சிக்கு நேரெதிர். துள்ளுகிற லாப்ரடாருக்கு முழங்கால் இடி தண்டனையாகவே தெரியாது. மல்லுக்கட்ட ஆள் கிடைத்தது என்று இன்னும் வேகமாக வரும். அந்த இடி எழுபது வயது அம்மாளால் முடிகிற காரியமா? வீட்டில் மிக நோஞ்சானவர் செய்ய முடியாத எந்தப் பழக்கமும் அந்த வீட்டு நாய்க்குப் பயன்படாது. எங்கள் வீட்டில், நாய் எழும்பினால் எல்லோரும் பேசாமல், தொடாமல், முதுகைக் காட்டித் திரும்பிவிடுவோம். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் குனிந்து தடவிக் கொடுப்போம். தள்ளுவதும் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவதும் அதற்குக் கொஞ்சலாகத்தான் கேட்கும்.

சஞ்சீவிமலை

முதுகைக் காட்டினால் முதுகில் ஏறுவான், அம்மா. 18 கிலோ இன்றைக்கு. ஆண் லாப்ரடார் 30 கிலோவைத் தாண்டும். கிழவியம்மாள் முதுகைக் காட்டி நிற்கும்போது அவன் பின்னாலிருந்து மோதினால் தூண் எங்கே இருக்கும்?

வேப்பேரி

அண்ணாச்சி எழுப்பும் ஐயம் மிகவும் நியாயமானது. முதுகு காட்டும் முறை திடமாக நிற்கக்கூடியவர்களுக்குத்தான். ஆனால் தலைவர் யார் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். கூட்டத்தின் தலைமைக்காக ஓநாய்கள் ஓயாமல் சண்டையிடுகின்றன என்ற கருத்து, 1940களில் அடைப்பில் வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. அதைப் பிற்காலத்தில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் அவற்றைக் கவனித்த பிறகு, கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். கருப்பன் உங்கள் தாயாரின் பதவியைப் பறிக்கப் பார்க்கவில்லை. முகத்தை நக்க வேண்டும் என்ற ஆசை. முகம் உயரத்தில் இருப்பதால் எழும்புகிறான். செய்தித்தாளால் அடித்தால் எழும்புவது அந்த நேரத்துக்கு நிற்கலாம். கையை ஓங்கினாலே மிரளும் நாயாகவும் அவன் ஆகலாம், மிரண்ட நாய்தான் கடிக்கும்.

நான் செய்யச் சொல்வது: வீட்டுக்குள் இருக்கும்போது மார்புப் பட்டையில் ஒரு இலகுவான கயிறு மாட்டியிருக்கட்டும். வாசல் மணி அடித்ததும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது மிதித்துக்கொள்ளுங்கள். நிற்கவும் உட்காரவும் முடிய வேண்டும், எழும்ப மட்டும் நீளம் போதக் கூடாது. உட்கார்ந்தால்தான் தட்டு, உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும் என்று மூன்று வேளையும் பழக்குங்கள். ஐந்து மாதக் குட்டிக்கு ஒரு நாளில் பாதிக்கு மேல் தூக்கம் வேண்டும். மாலையில் வெறிபிடித்ததுபோல ஓடிக் கடிக்கும் குட்டி பல நேரம் தூங்காத குட்டிதான். அப்போது விளையாட்டுக் காட்டாதீர்கள், அமைதியான மூலையில் படுக்க வையுங்கள்.

சஞ்சீவிமலை

கயிறு என்று நான் சொன்னால் கொடுமை, நீங்கள் சொன்னால் பயிற்சியோ?

வேப்பேரி

யாராவது மறுமுனையைப் பிடித்திருக்கும் கயிறு பயிற்சி. தூணில் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடும் கயிறு வேறு. கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் குற்றம் என்றே சொல்கிறது.

சஞ்சீவிமலை

சட்டம் தெரியும். எங்கள் நாய்கள் விடியுமுன் கண்மாய்க் கரையில் ஓடி முடித்துவிட்டுத்தான் கட்டுக்கு வரும். பாளைக்காரரே, இதை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அவற்றுக்கு அதட்டல் பலிக்காது என்பதால் எங்கள் வீட்டில் எல்லாக் குட்டிகளுக்கும் கைச்சைகையில்தான் முதலில் பழக்குவோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இறக்கினால் உட்கார வேண்டும். உங்கள் தாயாருக்குக் கத்தத் தெம்பில்லாவிட்டாலும் கையை இறக்க முடியும்.

பாளைக்காரன்

கைச்சைகை நல்ல யோசனை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் அளந்து போட்ட பிறகு, மதியம் தாயார் யாருக்கும் தெரியாமல் முறுக்கும் பொறையும் கொடுக்கிறார். அவன் அவரிடம் மட்டும் அதிகமாக எழும்புவதற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

வேப்பேரி

அதுதான் காரணம். கையை உயர்த்தி ஊட்டுகிற ஆளிடம் நாய் உயரத்தான் எழும்பும். அவர் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுக்கும் பொருளையும் இடத்தையும் மாற்றுங்கள். அன்றைய 320 கிராமிலிருந்தே 30 கிராமை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கருப்பன் கிட்டே வருமுன்பே நாலைந்து உருண்டைகளைத் தரையில் வீசட்டும். அம்மா என்றால் தரையில் தேட வேண்டும் என்று பழகிவிட்டால் அவன் கண் அவர் மார்புக்குப் போகாது. பிறகு வீசுவதற்கு முன் அண்ணாச்சி சொன்ன கைச்சைகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சஞ்சீவிமலை

டப்பா காலியான அன்றைக்கு என்ன செய்வான் என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து, கையில் ஒன்றும் இல்லாமல் உங்கள் தாயார் வாசலில் நிற்கும்போது அவன் உட்காருகிறானா என்று இங்கே வந்து எழுதுங்கள். அதுவரை என் கருத்தை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.