ராசன் மாமா 60 (மாமாவிடம் வாய் திறக்காதீர்கள்)

சுதா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. கேக் தர்ஷியின் பொறுப்பு. பரிசுக்கு ஆளுக்கு 40 டொலர் என்று போன கிழமை கதைத்தோம், இன்னும் பாதிப் பேர் அனுப்பவில்லை. பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை

ரவி சித்தப்பா: நான் அனுப்பிவிட்டேன்

சுதா அக்கா: நீங்கள் 20 அனுப்பினீர்கள் சித்தப்பா

ரவி சித்தப்பா: மிச்சம் அன்றைக்குக் கையில் தருவேன். ஓடிப்போகவா போகிறேன்

நிரோ: பரிசு கண்டுபிடித்துவிட்டேன்!!! ரொறன்ரோ லீஃப்ஸ் ஹொக்கி அணியின் ஜேர்சி, அசல், கையெழுத்தும் இருக்கிறது. கிஜிஜி விளம்பரத் தளத்தில் ஒருவர் 60 டொலருக்குத் தருகிறார்

நிரோ: (படம்)

தர்ஷி: கிளார்க்சன் 71. யார் இவர்

குகன் அத்தான்: ஐயோ நிரோ

நிரோ: என்ன அத்தான்

குகன் அத்தான்: கையெழுத்துப் போட்ட ஜேர்சியை 60 டொலருக்கு ஏன் தருகிறான் என்று யோசித்தாயா?

பெரியம்மா: (முருகன் படம்) வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா

தர்ஷி: அரோகரா பெரியம்மா

குகன் அத்தான்: சரி, கதை தெரியாமல் அதை மாமாவின் கையில் கொடுக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன். டேவிட் கிளார்க்சன் ரொறன்ரோவில் பிறந்த பொடியன். 2013 யூலையில் 29 வயதில் லீஃப்ஸ் அவருக்கு 7 வருடத்துக்கு 36.75 மில்லியன் டொலர் எழுதிக்கொடுத்தது. சொந்த ஊர்ப் பிள்ளை வந்துவிட்டான் என்று ஊரே கொண்டாடியது, மாமா உட்பட. சீசன் தொடங்கவே முன், ஒரு பயிற்சி ஆட்டத்தில் சண்டைக்குப் பாய்ந்து 10 ஆட்டத் தடை வாங்கினார். அப்புறம் அந்த வருடம் 60 ஆட்டம் ஆடி 5 கோல். ஐந்து. அன்றைக்கு மாமா வீட்டு ரிவி ரிமோட் சுவரில் பட்டு உடைந்தது, சுதாவைக் கேளுங்கள்

சுதா அக்கா: மாமி இன்னும் சொல்லிக் காட்டுகிறா

நிரோ: அதனால்தான் பகிடியாக இருக்கும் என்று நினைத்தேன்

குகன் அத்தான்: பகிடி இனிமேல்தான் இருக்கிறது. பொறு, ரைப் பண்ணுகிறேன்

ரவி சித்தப்பா: இவர் ரைப் பண்ண வெளிக்கிட்டால் நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்

பெரியம்மா: சாப்பாடு என்றதும்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் வைத்த சனிக்கிழமை கந்தசஷ்டிக்கு நடுவில் வருகிறது. யாராவது கலண்டர் பார்த்தீர்களா?

சுதா அக்கா: அம்மா மண்டபம் அந்த நாள்தான் கிடைத்தது

பெரியம்மா: நான் விரதம். ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாசம் வருகிற இடத்தில் என்னால் இருக்க முடியாது

குகன் அத்தான்: 2015 பெப்ரவரியில் கிளார்க்சனைக் கொலம்பஸ் அணிக்குக் கொடுத்து நேதன் ஹோர்டனை வாங்கினார்கள். ஹோர்டனுக்கு முதுகெலும்பு தேய்ந்து, நேராக நிற்கவே கஷ்டம். இனி ஆட மாட்டார் என்று தெரிந்துதான் வாங்கினார்கள். அவருடைய ஒப்பந்தம் 7 வருடம் 37.1 மில்லியன். முதுகுக்குக் காப்புறுதி எடுக்க முடியவில்லை, ஆகவே ஆடாத ஆளுக்குக் கொலம்பஸ் தன் சட்டைப்பையிலிருந்து முழுச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது. அதைவிட, ஆடக்கூடிய ஒருவருக்கு அந்தக் காசைக் கட்டலாமே என்று கிளார்க்சனை எடுத்தார்கள். லீஃப்ஸுக்குக் காசு ஒரு பிரச்சினையே இல்லை, சம்பள உச்சவரம்பில் இடம்தான் பிரச்சினை

தர்ஷி: ஆடாதவருக்கும் உச்சவரம்பில் கணக்கு வரும்தானே அத்தான்? பிறகு என்ன லாபம்

குகன் அத்தான்: இதுதான் கேள்வி! 2005இலிருந்து ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு இருக்கிறது, 2025-26 சீசனுக்கு 95.5 மில்லியன். ஒருவர் குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாதபடி காயப்பட்டால் அவரை எல்.ரி.ஐ.ஆர். என்ற நீண்டகாலக் காயப் பட்டியலில் போடலாம். அவருடைய தொகை கணக்கிலிருந்து மறையாது, ஆனால் அந்தளவுக்கு வரம்பைத் தாண்டிச் செலவழிக்க அணிக்கு அனுமதி கிடைத்தது

தர்ஷி: மண்டை காய்கிறது

குகன் அத்தான்: எங்கள் மண்டபத்துக்கு 100 பேர்தான் அனுமதி என்று வை. பட்டியலில் இருக்கிற ஒருவர் ஆஸ்பத்திரியில். பெயரை வெட்ட வேண்டாம், அவருக்குப் பதில் இன்னொருவரைக் கூப்பிடலாம் என்று மண்டபக்காரன் சொல்கிறான். நல்ல மனதோடு வைத்த சட்டம்தான். ஆனால் கேக் வெட்டும் நேரம் யாரும் கதிரை எண்ண மாட்டார்கள் என்றும் ஒரு விதி இருந்தால்? ஆஸ்பத்திரிக்காரர் அப்போது சுகமாகி வந்து 101ஆவதாக உட்காருவார். அதுதான் பிளே ஓஃப், சீசன் முடிந்து கிண்ணத்துக்கு ஆடுகிற சுற்று. அங்கே உச்சவரம்பே இருக்கவில்லை

சுதா அக்கா: உண்மையில் 112 பேர் ஆகிவிட்டது, அதைப் பற்றி யாராவது கதையுங்கள்

நிரோ: குச்செரோவ்!!

குகன் அத்தான்: ஓம். டம்பா பே அணியின் நிகிட்டா குச்செரோவ், 9.5 மில்லியன் ஆள். இடுப்பில் சத்திரசிகிச்சை என்று 2020-21 சீசனின் 56 ஆட்டமும் ஆடவில்லை. பிளே ஓஃப் முதலாவது ஆட்டத்தில் வந்து இறங்கி, 32 புள்ளியோடு எல்லாரையும்விட முன்னுக்கு நின்று கிண்ணத்தையும் தூக்கினார். கொண்டாட்டத்தில் "வரம்புக்கு மேல் 18 மில்லியன்" என்று எழுதிய ரீசேர்ட் வேறு போட்டார். இரண்டு வருடம் கழித்து வேகஸ் அணியின் மார்க் ஸ்டோன் முதுகுச் சத்திரசிகிச்சை முடிந்து பிளே ஓஃபுக்கு வந்தார், கிண்ணம் வென்ற கடைசி ஆட்டத்தில் மூன்று கோல்

ரவி சித்தப்பா: முழு வருடமும் முதுகு நோ, விசேஷத்துக்கு மட்டும் சுகம். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும்

சுதா அக்கா: சித்தப்பா

ரவி சித்தப்பா: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே

தர்ஷி: அப்பா வேண்டாம்

ரவி சித்தப்பா: பிரியாவின் கல்யாணத்தில் பறை மேளத்துக்கு மச்சான் ஆடிய ஆட்டத்தை முழு ஸ்காபுறோவும் பார்த்தது. அப்போது அவர் லீவில்

தர்ஷி: முழு ஸ்காபுறோவும் பார்த்ததற்குக் காரணம் நீங்கள் அதை முகநூலில் போட்டது. அடுத்த மாதமே மாமாவுக்குக் காப்புறுதிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது, காசையும் நிறுத்தினார்கள். மாமி சுதா அக்காவிடம் கடன் வாங்கித்தான் வாடகை கட்டினா

சுதா அக்கா: அந்தக் கதையை இங்கே எடுக்க வேண்டாம் தர்ஷி

தர்ஷி: நான் தாதி, ஒவ்வொரு நாளும் முதுகு நோயாளிகளைப் பார்க்கிறேன். ஊசி போட்ட கிழமை 10 நிமிடம் ஆடலாம், மறுநாள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிய ஏலாது. கிடங்கில் 8 மணித்தியாலம் பெட்டி தூக்குவதும் அதுவும் ஒன்றா

பெரியம்மா: யாருக்கு ஆஸ்பத்திரி? யாருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை

நிரோ: ஒருவருக்கும் இல்லை பெரியம்மா, ஹொக்கிக் கதை

பெரியம்மா: நெஞ்சே நின்றுவிட்டது. தம்பிக்கோ என்று நினைத்தேன்

குகன் அத்தான்: தர்ஷி சொல்வது சரி. லீஃப்ஸிலேயே இது நடந்தது. ஜொஃப்ரி லூப்பல், 5.25 மில்லியன், காயம் மேல் காயம். 2017இல் அணியின் உடற்சோதனையில் தேறவில்லை என்று அறிவித்தார்கள். அவர் இன்ஸ்டகிராமில் யாருக்கோ பதில் எழுதப்போய், அணிக்காரர் ஏமாற்றுகிறார்கள், எல்லாரும் அதை விட்டுவிடுகிறார்கள் என்ற மாதிரி எழுதிவிட்டார். பெரிய அமளி. லீக் நிர்வாகம், அணிக்குச் சம்பந்தமில்லாத வைத்தியரை வைத்துச் சோதித்தது. ஆட முடியாது என்றே முடிவு வந்தது. லூப்பலும் மன்னிப்புக் கேட்டார். பார்க்கிறவனுக்குக் கள்ளம் மாதிரி இருக்கும், உள்ளே முதுகு உண்மையாகவே போயிருக்கும். இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம், அதுதான் இந்தச் சட்டத்தின் சிக்கல்

தர்ஷி: மாமாவையும் அவர்கள் அனுப்பிய டொக்டரே பார்த்துவிட்டு வேலை செய்ய ஏலாது என்றுதானே எழுதினார். அப்பா அதை முகநூலில் போடவில்லை

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிரோ: நான் வாசித்துவிட்டேன் சித்தப்பா ஹாஹா

ரவி சித்தப்பா: என் கேள்வி வேறு. ஏலாதென்றால் ஓய்வு பெற்று வீட்டில் இருக்க வேண்டியதுதானே. ஏன் பட்டியலில் தொங்கிக்கொண்டு? குகன், நீர் கணக்குப் பார்க்கிறவர், சொல்லும்

குகன் அத்தான்: ஓய்வு என்று கையெழுத்துப் போட்ட அன்றே மிச்சச் சம்பளம் போய்விடும் சித்தப்பா. காயம் என்றால் கடைசிச் சதம்வரை வரும், காப்புறுதி இருந்தால் அணிக்கும் பெரும்பகுதி மீளும். யார் ஓய்வு பெறுவான்? 35 வயதுக்குப் பிறகு தொடங்குகிற ஒப்பந்தத்தில் இன்னொரு பொறியும் இருந்தது, ஆள் ஓய்வு பெற்றாலும் அவருடைய தொகை அணியின் கணக்கில் நின்றது. கிறிஸ் புரோங்கர் அதில் மாட்டியவர். பிலடெல்பியா அவருக்கு 7 வருடம் எழுதியது. 2011 ஒக்டோபரில் கண்ணில் மட்டை பட்டது, அதுவும் எங்கள் லீஃப்ஸின் கிரபோவ்ஸ்கியின் மட்டை. அடுத்த மாதத்தோடு ஆட்டம் முடிந்தது, ஒப்பந்தம் 2017வரை ஓடியது. இடையில் லீக்கின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார், 2015இல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற சாதனையாளர் வரிசைக்கும் எடுத்தார்கள். அந்த நேரம் காகிதத்தில் அவர் அரிசோனாவின் ஆட்டக்காரர்!

நிரோ: ஹாஹாஹா

தர்ஷி: அரிசோனா ஏன் வாங்கியது

குகன் அத்தான்: உச்சவரம்பு போலக் கீழ்வரம்பும் இருக்கிறது. காசில்லாத அணி அதைத் தொட வேண்டும். புரோங்கருக்குக் கணக்கில் 4.9 மில்லியன், கையில் கொடுப்பது 5 லட்சத்து 75 ஆயிரம். மரியன் ஹோசாவும் அப்படித்தான், 30 வயதில் 12 வருட ஒப்பந்தம், கடைசி நான்கு வருடமும் தலா ஒரு மில்லியன் மட்டும். தோல் வியாதி, ஹொக்கி உடுப்பும் அதற்கு எடுத்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினார். அவருடைய கடதாசியும் அரிசோனாவுக்குப் போனது. 2025 செப்டெம்பரில்கூட கேரி பிரைஸின் 10.5 மில்லியனை மொன்றியல் சான் ஹோசேக்குத் தள்ளியது. மனிதர் வீட்டில் இருப்பார், பெயர் மட்டும் ஊர் ஊராகப் போகும்

சுதா அக்கா: ரோல்ஸ் சைவமா இறைச்சியா என்று யாராவது ஒரு வரி எழுதுங்கள், கடைக்காரர் நாளைக்குள் கேட்கிறார்

ரவி சித்தப்பா: இறைச்சி

பெரியம்மா: சைவம்

நிரோ: இரண்டும்?

பெரியம்மா: ஒரே தட்டத்தில் வைத்தால் நான் வரவில்லை

நிரோ: அத்தான், கிளார்க்சன் கதை முடியவில்லை

குகன் அத்தான்: அவருக்கும் கொலம்பஸில் முதுகு போனது. 2017இல் வேகஸுக்கு மாற்றினார்கள். 2019 யூலையில் அந்த ஒப்பந்தத்தை லீஃப்ஸே திரும்ப வாங்கியது! ஒருவருக்கொருவர் மாற்றிய இரண்டு பேரும் ஒரே அணியில், இரண்டு பேரும் ஆடவில்லை. வருடக் கணக்கில் ஹோர்டன் 5.3 மில்லியன், கிளார்க்சன் 5.25, கூட்டினால் 10.55. அந்த இடத்தை வைத்துக்கொண்டு செப்டெம்பரில் தங்கள் ஆட்டக்காரர் மிட்ச் மார்னருக்கு 10.9 எழுதினார்கள். 2025இல் என்ன நடந்தது? வேகஸில் பியட்ராஞ்சலோவுக்கு 35 வயது, இடுப்பு போய்விட்டது, ஆடவில்லை, ஆனால் ஓய்வும் இல்லை. 8.8 மில்லியன் இடம். அதே நேரம் மார்னர் 12 மில்லியனுக்கு எங்கே போனார்? வேகஸுக்கு. இரண்டு தடவையும் அவருக்குக் கதிரை விட்டது முதுகோ இடுப்போ போனவர்கள். மாமாவுக்கு இதைச் சொன்னேன், மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை

சுதா அக்கா: மார்னர் என்ற பெயரையே அந்த வீட்டில் எடுக்காதீர்கள்

தர்ஷி: இன்னும் இந்த விளையாட்டு நடக்குமா

குகன் அத்தான்: 2025-26 சீசனிலிருந்து இறுக்கிவிட்டார்கள். பிளே ஓஃபிலும் அன்றைக்கு இறங்குகிற 20 பேரின் தொகை வரம்புக்குள் இருக்க வேண்டும். திரும்பி வரக்கூடியவர் என்றால் சராசரிச் சம்பளம், அந்த சீசனில் சுமார் 3.8 மில்லியன், அவ்வளவுதான் கூடச் செலவழிக்கலாம். முழுச் சலுகை வேண்டுமென்றால் ஆள் அந்த சீசனும் பிளே ஓஃபும் முழுக்க வெளியே நிற்க வேண்டும். குச்செரோவ் வேலை இனிச் சரிவராது. ஆடவே முடியாத கிழட்டு ஒப்பந்தத்தை ஊர் ஊராக விற்பது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்

நிரோ: அப்ப ஜேர்சி? லீஃப்ஸின் டவாரஸுடையது வாங்கலாமா? 11 மில்லியன் எடுத்தவர் 2025இல் 4.4க்கு இறங்கினார், ஊருக்காகக் குறைத்தவர் என்று மாமாவுக்குப் பிடிக்கும்

ரவி சித்தப்பா: பழைய லீஃப்ஸ் ஆள் கில்மோரின் 93 வாங்குங்கள். நானும் மச்சானும் வந்த புதிதில் ஒரே அறையில் இருந்து பார்த்தது கில்மோரைத்தான். வேறு யாருடையதும் அவர் போட மாட்டார்

தர்ஷி: கில்மோர் அசல் என்றால் 250க்குக் கிட்ட வரும் அப்பா

ரவி சித்தப்பா: பார்ப்போம்

சுதா அக்கா: பார்ப்போம் என்றால் ஓமா இல்லையா?

நிரோ: கிஜிஜிக்காரருக்கு நான் 20 முற்பணம் போட்டுவிட்டேன், சொல்ல மறந்துவிட்டேன்

குகன் அத்தான்: நிரோ

சுதா அக்கா: அதை விடுங்கள். மாமாவை என்ன சொல்லி மண்டபத்துக்குக் கூட்டிவருவது? அதை ஒருவரும் யோசிக்கவில்லை

பெரியம்மா: சஷ்டிக்குக் கோயிலுக்கு என்று சொல்லுங்கள், என்னோடு வருவான்

தர்ஷி: அப்படிச் சொன்னால் வேட்டியோடு, சட்டை இல்லாமல் வந்து நிற்பார் பெரியம்மா

பெரியம்மா: வரட்டும்