‘உமது திருவுளம்’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன்

பாம்பன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. வீட்டுக்காரர் விசைப்படகில் முப்பது வருடம் போனவர். எத்தனையோ புயல், எத்தனையோ பிரச்சினை, கடலில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகெல்லாம் சும்மாதானே கிடக்கும். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு கரிக்கிறது, ஒரு சோடா வாங்கி வா என்றார். வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “கடலில் போகாமல் கரையில் போனாரே, முகத்தையாவது பார்த்தாய், புண்ணியம்.” நம் ஊரில் அது உண்மைதான். ஆனால் கேட்கும்போது எரிகிறது.

மகன் மஸ்கட்டில். இரண்டு நாளைக்கு ஒரு முறை வீடியோ காலில் வருவான். மற்ற நேரம் வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். அவர் கடலுக்குப் போகிற நாளில் நாலு மணிக்கு எழுந்து ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுப்பேன். இப்போதும் நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. டீ போட ஆள் இல்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் விட்டார்கள். அதில் முதல் நாளே ஏறி மண்டபம் போய் வருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடிவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் தனியாக ஜெபமாலை சொல்ல உட்காருகிறேன். இயேசு கற்றுத்தந்த ஜெபத்தை ‘விண்ணுலகில் இருக்கிற’ என்று ஆரம்பித்து, ‘உமது திருவுளம் நிறைவேறுக’ என்கிற இடத்தில் ‘உமது திருவுளம்’ வந்ததும் வாய் ஓடவில்லை. யாருடைய திருவுளம்? எதற்காக? அங்கேயே மாலையைப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். இப்படிப் பாதியில் நிற்கிற ஜெபத்தைக் கடவுள் கேட்பாரா? அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று முன்பெல்லாம் தெரியும், இப்போது தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

ஜெபவீரன்:

கவலைப்படாதீர்கள் சகோதரி. எல்லாம் நன்மைக்கே. துதியுங்கள், துக்கம் ஓடிப்போகும். ஆமென்.

பாம்பன்காரி:

நன்றி தம்பி. துதிக்க முடிந்திருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன்.

பழைய உபதேசியார், தங்கச்சிமடம்:

அம்மா, ஜெபமாலையில் செவ்வாயும் வெள்ளியும் தியானிக்கிற துக்க தேவ ரகசியத்தில், அதாவது இயேசுவின் பாடுகளில், முதலாவது எது? பிடிபடுவதற்கு முன் அவர் ஜெபித்த கெத்சமனி தோட்டம். நீங்கள் நிற்கிற அதே வார்த்தையில்தான் இயேசுவும் நின்றார். எடுத்த எடுப்பில் அவர் ‘உமது திருவுளம்’ சொல்லவில்லை. இந்தக் கிண்ணம் என்னை விட்டு அகலட்டும் என்றுதான் முதலில் கேட்டார். ஒரே ஜெபத்தை மூன்று முறை போய்ப் போய்ச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். கூட்டிப்போன மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். தனிமை அவருக்கும் இருந்தது.

இன்னொன்று. திருப்பாடல்களில் அழுகையாக ஆரம்பிப்பவை பெரும்பாலும் கடைசியில் நன்றியில் போய் நிற்கும். 88-ஆவது அப்படி இல்லை. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. யாரும் அதை வேதாகமத்திலிருந்து கிழித்துப் போடவில்லை. புனித குழந்தை தெரசாவைப் படத்தில் ரோஜாப்பூவோடு பார்க்கிறோம். 1897-இல் 24 வயதில் இறப்பதற்கு முன் ஒன்றரை வருடம் போல அவருக்கு விசுவாசமே இருண்டு கிடந்தது. திருவிழாப் பிரசங்கத்தில் இதை யாரும் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை, என்ன செய்ய.

கீழக்கரை பேத்தி:

அக்கா, நான் வேற மார்க்கம், தப்பாக நினைக்காதீர்கள். வாப்பா மௌத்தானபோது உம்மா இத்தா இருந்தார், அதாவது புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற துக்க காலம், நாலு மாதம் பத்து நாள். அந்த நாளெல்லாம் வீட்டில் பொம்பளைகள் நிறைந்து கிடந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவருவாள், ஒருத்தி தலை சீவிவிடுவாள். இத்தா முடிந்த மறுநாள் யாரும் வரவில்லை. உம்மா உண்மையில் தனியானது அன்றைக்குத்தான்.

அப்புறம் உம்மா குர்ஆனில் ‘லுஹா’ என்கிற அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப ஓதுவார். நபிக்கு வஹீ, அதாவது இறைச்செய்தி, வருவது கொஞ்ச நாள் நின்றுபோனபோது, உம்முடைய இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்று இறங்கியது அது. சத்தம் நின்றுபோவது நபிக்கே நடந்திருக்கிறது, நான் யார் என்பார் உம்மா.

மூக்கையூர் ஆத்தா:

தங்கச்சி, உன்னிடம் சொன்னார்களே, ‘கடலில் போகாமல் கரையில் போனார்’ என்று. அந்தக் கடலில் போன கணக்கில் இருக்கிறவள் நான். என் பெரிய மகன் போய் ஒன்பது வருடம். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. என்னைக் காட்டி உனக்கு ஆறுதல் சொன்னதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் உன் எரிச்சல் எனக்குப் புரியும். அவரவர் துக்கம் அவரவருக்கு, படியில் போட்டு அளக்கிற சாமானா அது?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போவார்கள். நான் கரைக்குப் போவேன். வாடைக் காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து மறைத்துக்கொள்வேன். சில வருடம் ஜெபம் சொல்வேன், சில வருடம் கடலை ஏசிவிட்டு வருவேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜெபமாலையை ஏன் தனியாகச் சொல்கிறாய்? கூட்டத்தில் எப்படிச் சொல்வோம், யோசித்துப் பார். ஒருத்தி ‘திருவுளம் மண்ணுலகிலும் நிறைவேறுக’ வரைக்கும் சொல்லி நிறுத்துவாள். ‘எங்கள் அன்றாட உணவை’ என்று மற்றவர்கள் எடுப்பார்கள். திருவுளம் முதல் பாதியில் இருக்கிறது, சோறு இரண்டாம் பாதியில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்தால் இரண்டும் உன் தலையில்தான் விழும். எனக்கு நாலு வருடம் அந்த முதல் பாதியை அன்பியத்துப் பெண்கள், எங்கள் பக்கத்து வீடுகளின் ஜெபக் கூட்டத்தார்தான் சொன்னார்கள். நான் சோற்றை மட்டும் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது. பிறகு ஒரு நாள் மற்றதும் தானாக வந்தது, என்றைக்கு என்று நினைவில்லை. உனக்கு வராமலே போனாலும் போகட்டும்.

பக்கத்து வீட்டில் ஒருத்தி இருப்பாள் அல்லவா? கூப்பிடு. அவள் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே. துக்க வீட்டுக் கதவைத் தட்ட ஜனங்களுக்குப் பயம்.

பாம்பன்காரி:

ஆத்தா, அந்தப் பாதி விஷயம் ஐம்பது வருடமாகச் சொல்கிற ஜெபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. உபதேசியாருக்கும் கீழக்கரைத் தங்கச்சிக்கும் நன்றி. 88-ஐ இரண்டு தடவை வாசித்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டேன். கையில் நெத்திலி ஆய்ந்த வாடையோடு அப்படியே வந்து உட்கார்ந்தாள். எனக்கு எங்கே நிற்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு முதல் பாதியைக் கடகடவென்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ‘எங்கள் அன்றாட உணவை’ என்று எடுத்தேன். குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை.

ஜெபமாலையில் மூன்றாவது பத்துக்குள் அவள் பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள், எழுந்து ஓடிவிட்டாள். மீதியை நாளைக்கு வந்து முடிக்கிறாளாம். டீ கேட்டிருக்கிறாள், ஃபிளாஸ்க் மூடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.