எம்பிஏ விண்ணப்பம்: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) மேலாண்மைக் கல்லூரியின் ஒரு வருடப் படிப்புக்கும், பிரான்சைச் சேர்ந்த இன்சியாட் மேலாண்மைக் கல்லூரியின் பத்து மாத எம்பிஏவுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 675 வந்திருக்கிறது. (புதிய தேர்வில் மொத்தமே 805தான். பழைய தேர்வின் 700 என்பது இப்போது 645 அளவுக்கு வரும். வீட்டில் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது!)

மதிப்பெண் பிரச்சினை இல்லை, பரிந்துரைக் கடிதம்தான் இடிக்கிறது. என் மேலாளர் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். என் வேலையை அவரளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறார். "நீயே எழுதிடு தம்பி, நான் அனுப்பிடறேன்" என்கிறார். கல்லூரிகள் அதை ஒத்துக்கொள்வதில்லை, எனக்கும் மனசு வரவில்லை.

எம்டியிடம் கேட்கலாம். பெரிய பதவிதான், ஆனால் நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். எங்களிடம் பம்ப் வாங்கும் நிறுவனத்தின் தரப்பிரிவு அதிகாரி இன்னொரு வழி. வார்ப்பில் வந்த கசிவுக் குறையை அவரோடு சேர்ந்துதான் சரிசெய்தேன்.

நேரடி மேலாளரை விட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் வாங்கினால் சந்தேகப்படுவார்களா? காரணத்தை விண்ணப்பத்தில் எங்கே சொல்வது? இல்லை, மேலாளர் எளிய ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாலே போதுமா? சிறு தொழிற்சாலைகளிலிருந்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், என் விண்ணப்பக் கட்டுரையைப் படித்துத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டித்தர ஒருவர் கிடைத்தால் புண்ணியம்.