நாலு மாதத்தில் மூன்று தடவை வொர்க்‌ஷாப்: லெமன் சட்டம் உதவுமா?

உட்லண்ட்ஸ் வாசி:
நாலு மாதத்துக்கு முன் இங்கே சிங்கப்பூரில் ஒரு டீலரிடம் (பெயர் வேண்டாம்) ஐந்து வருஷம் சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்று) மிச்சமிருந்த பழைய கார் ஒன்றை 62,000 வெள்ளிக்கு வாங்கினேன், பாதி கடன். மூன்றாவது வாரமே கியரில் தகராறு. காலையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடானபின் எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தில் நாலாவது மாடிக்கு ஏறும்போது, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும். பின்சீட்டில் மாமியார் இருந்தால் "முருகா" என்று கத்திவிடுவார்.

மூன்று தடவை டீலர் சொன்ன வொர்க்‌ஷாப்பில் விட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் "ரீசெட் செய்தாச்சு". இப்போது டீலர் "பழைய வண்டி, தேய்மானம் இருக்கத்தான் செய்யும், உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். போன வாரம் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏர்பேக் ரீகால் ஒன்று செய்யாமலே கிடக்கிறது. அதைக் காட்டி, குறையுள்ள பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்கிற லெமன் சட்டத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
தம்பி, இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். ரீகால் என்பது அந்த மாடல் வண்டிகளில் இருக்கும் பாதுகாப்புக் குறை. வண்டியை இங்கே கொண்டுவந்த நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும், நீங்கள் இரண்டாவது கையா மூன்றாவது கையா என்று பார்க்காது. அநேகமாகக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும். முதலில் அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு நாள் வாங்குங்கள். தக்காட்டா ஏர்பேக் கதை ஞாபகம் இருக்கும்: உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறியது. மலேசியாவிலும் உயிர் போனது. நம் ஊரில் வருஷம் முழுக்கப் புழுக்கம். உங்களுடையது எந்த ஏர்பேக்கோ, தள்ளிப்போட வேண்டாம்.

கியர் வேறு வழக்கு. வொர்க்‌ஷாப் ஆள் காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு "குறை இல்லை" என்று எழுதுவான், நானே எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோய், இன்ஜினை அணைக்காமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏதாவது ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள். ஜாப் ஷீட்டில் "சூடானபின் முதல் கியரில் வெட்டு, நாலாவது முறை" என்று அவன் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தேக்கா டீ:
கோயிலில் பூஜை போட்டபோது டயருக்கு அடியில் நசுக்கிய எலுமிச்சம்பழம் பத்தவில்லை போல, வண்டியே லெமனாகிவிட்டது. சும்மா சொன்னேன், கோபிக்காதீர்கள். நானாக இருந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன்.

மூன்றாவது மாடி:
தேக்கா, தள்ளிவிட்டால் நஷ்டமாகும் பத்தாயிரத்தை யார் கொடுப்பது? நான் இதே பாதையில் நடந்தவள், சொல்கிறேன்.

லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது, பழைய கார்களுக்கும் பொருந்தும், ஆனால் வயதையும் விலையையும் பார்த்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள். தேய்ந்த பிரேக் பேடுக்கெல்லாம் போய் நிற்க முடியாது, வாங்கும்முன்பே சொல்லிவிட்ட குறைக்கும் முடியாது. வியாபாரியிடம் வாங்கியிருக்க வேண்டும், தெரிந்த அண்ணனிடம் நேரடியாக வாங்கியிருந்தால் கதை முடிந்தது. "உள்ளது உள்ளபடி" என்ற வரியை வைத்துச் சட்டத்தைத் தாண்டிவிட முடியாது.

முக்கியமானது ஆறு மாதம். அதற்குள் தெரிந்த குறை, வண்டியைக் கொடுத்தபோதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று டீலர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு தெரிந்தால் நிரூபிக்கிற பாரம் நம் தலையில். உங்களுக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது, ஆனால் அதற்குக் காகிதம் எங்கே? எனக்கு ஐந்தாம் மாதம் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். எல்லாம் போனில். நானும் நம்பி எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை.

முதலில் ரிப்பேர் அல்லது மாற்று வண்டி கேட்க வேண்டும், செலவு டீலருடையது. நியாயமான நேரத்தில் செய்யாவிட்டால் விலையைக் குறைக்கவோ வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கவோ கேட்கலாம், ஓட்டிய அளவுக்குக் கழிப்பார்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், கேஸ் என்போமே, அங்கே சமரசத்துக்குப் போங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வக்கீல் கிடையாது, நாமே பேசலாம், ஆனால் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. ஆக உங்கள் 62,000 முழுதாக அங்கே கிடைக்காது. கியர் ரிப்பேர் செலவோ விலைக் குறைப்போ கேட்கலாம். நான் அப்படித்தான் 4,300 வெள்ளி வாங்கினேன்.

இன்னொன்று, கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வண்டியைத் தூக்கிவிட்டால் வழக்கு போட வண்டியே இருக்காது. கடன் நிறுவனத்துக்கும் பிரச்சினையை எழுதிப் போடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பழைய ஜாப் ஷீட்டுகளைத் தேடி எடுத்தேன். முதல் இரண்டில் "வாடிக்கையாளர் கருத்து: ஓகே" என்று எழுதி, அடியில் என் கையெழுத்தே இருக்கிறது! படிக்காமல் போட்டது. ஆனால் முதல் தடவை டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ தேதியோடு இருக்கிறது, வாங்கி இருபத்திரண்டாம் நாள், மாமியார் குரலும் கேட்கிறது.

ரீகாலுக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். டீலருக்கு இன்றிரவே மின்னஞ்சல் எழுதுகிறேன்.

தேக்கா டீ:
வீடியோவை இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். முருகா வரும் இடத்தை வெட்டிவிடாதீர்கள்.