கல்லடி வீட்டின் விலை இறங்கியதா, இல்லையா?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் வீட்டு விலை விழுந்துகொண்டிருக்கிறது, இப்போது வாங்குபவன் ஏமாளி, வாடகைக்கு இருப்பவனே கெட்டிக்காரன் என்று கல்லடிவாசி நேற்று எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய ஒரே ஆதாரம், கல்லடிப் பாலம் தாண்டியதும் இருக்கும் ஒரு வீட்டின் விற்பனைப் பலகையில் ஒரு கோடியே 80 இலட்சத்தை அழித்து ஒரு கோடியே 50 என்று எழுதியிருப்பதுதான். அது உடையவர் கேட்கும் விலை. கேட்டதைக் குறைத்தால் விலை விழுந்துவிடுமா?

கல்லடிவாசி:
விழுந்ததுதான். அந்த ஒழுங்கையால் தினமும் வேலைக்குப் போகிறவன் நான். பழைய எண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறார்கள், வெயில் பட்டால் எட்டின் வளைவு இன்னும் தெரிகிறது. முப்பது இலட்சம் இறங்கியிருக்கிறது. டொலர் 200 ரூபாயாக இருந்த 2021இல் அந்த வீடு 90,000 டொலர். 300 ரூபாய்க் கணக்கில் இன்று 50,000 டொலர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியபோது, மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து வீடு வாங்கிய என் தம்பி சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கட்டினான். நான் வாடகை கட்டி நிம்மதியாகத் தூங்கினேன்.

வாவிக்கரை:
நாம் டொலரிலா சம்பளம் வாங்குகிறோம்? 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த பக்கத்தில் நிற்கும் வீடு அது. அந்தப் பயத்தில் குறைந்ததை ஊர் முழுவதன் தலையிலும் கட்டாதீர்கள். விற்று உறுதிப் பத்திரம் எழுதி முடிந்த விலையைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கல்லடிவாசி:
கடலைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். என் பெரியம்மாவின் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிய நாளில் நான் அங்கே நின்றவன். இருபது வருடத்துக்கு முந்திய பயம் 2021இல் இல்லாமல், இப்போதுதான் வந்ததோ? உறுதியை நம்பச் சொல்கிறீர்கள், முத்திரைத் தீர்வைக்குப் பயந்து அதில் குறைத்து எழுதுவது ஊருக்கே தெரியும். போன மாதம், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைச் சொந்த உறுதிக் காணி போலத் தாராளமாக விற்கலாம் என்று பிழையாகச் சொன்னவரும் நீங்கள்தான்; அதைத் திருத்தச் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

காரைதீவு மகள்:
இரண்டு பேரும் பலகையை விடுங்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் பெயரில் வீடு எழுதாமல் கல்யாணப் பேச்சே எழும்பாது. எனக்கு இரண்டு பெண்கள். வாடகையா, சொந்தமா என்று யோசிக்கும் வசதி ஆண்பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் இருக்கிறது.

கல்லடிவாசி:
அக்கா, சீதனத்துக்காகக் கடன்பட்டு வீடு கட்டுவதுதான் இந்த விலையை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது. அந்த வழக்கத்தை விட்டால் விலை இன்னும் இறங்கும்.

காரைதீவு மகள்:
வழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. என் அம்மாவுக்கு அவருடைய அம்மா எழுதிக் கொடுத்த வீட்டில்தான் நான் பிறந்தேன். அப்பா இறந்த பிறகு எங்களை வெளியே போ என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை. வாடகை வீட்டில் இருந்திருந்தால் எங்கள் கதி என்ன?

வாவிக்கரை:
அப்படிக் கேளுங்கள், அக்கா. அவருக்குச் சொந்த வீடு இல்லாத ஆற்றாமை.

கல்லடிவாசி:
எனக்கு ஆற்றாமை இல்லை. உங்கள் வீடு விற்பனைக்கு நிற்பதால் விலை இறங்கியதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு கோடியே 80 இருந்த இடத்தில் ஒரு கோடியே 50 இருக்கிறது. நாளை காலை படம் எடுத்துப் போடுகிறேன்.

வாவிக்கரை:
போடுங்கள். அது கேட்கும் விலைதான்.

கல்லடிவாசி:
முப்பது இலட்சம் இறங்கிய விலை.